சி பிளாக் கூரையின் மேற்கு மூலை

ஜூலை 14, செவ்வாய்

முதலில் தவறை எழுதிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் தொழிலாளர் குடியிருப்பின் சி பிளாக்குக்குக் கீழே, கூரையிலிருந்து வௌவால் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, முழு இருட்டாகும்வரை நான் நிற்கவில்லை. மாலை வகுப்பில் உயிரியல் தேர்வு இருந்தது. தாமதமாகப் போனால் மாசெகோ சார் கதவைச் சாத்திவிடுவார். மேற்கே வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெரியவர்களை இங்கே பாபே, அதாவது அப்பா, என்போம்; இன்று காலை எங்கள் மேஸ்திரி பாபே சிகோன்ஸே என்னைக் கேட்டார். "ஃபிகிலே, நேத்து ஏதாவது வெளிய வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரல பாபே" என்றேன்.

நான் நின்றவரைக்கும் வரவில்லை. அதுதான் உண்மை. ஆனால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய இரண்டு சாயங்காலமும் இருட்டும்வரை நின்றேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. அதனால் நேற்றைய கடைசிக் கொஞ்ச நேரம் பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்க முயல்கிறேன்.

மூன்று சாயங்காலம் தொடர்ந்து ஒன்றும் வெளியே வராவிட்டால் ஓட்டைகளை மூடலாம் என்பது, இந்த முறையைச் சொல்லிக்கொடுக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண் வைத்துவிட்டுப் போன விதி. ஜூலை எங்களுக்குக் குளிர்காலம், குட்டிகள் இருக்காது, அதனால் இதுதான் சரியான சமயம். மற்ற இடுக்குகளையெல்லாம் முதலில் அடைத்துவிட வேண்டும். வௌவால்கள் போய்வரும் ஓட்டைகளில் மட்டும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைச் சரிவாகப் பொருத்த வேண்டும். வெளியே வழுக்கிக்கொண்டு வந்துவிடும், திரும்ப ஏற முடியாது. வந்தவை தங்குவதற்குக் கரும்பு வயல் ஓரத்தில் கம்பங்களில் மரப்பெட்டிகள் வைத்திருக்கிறோம். அவை கரும்புப் பூச்சிகளைத் தின்பதால் எஸ்டேட்டுக்கும் லாபம். முதல் வாரத்தில் குழாயிலிருந்து புகை கக்குவதுபோல் வந்துகொண்டே இருந்தன. எனக்கு அதைப் பார்க்க மிகவும் பிடித்திருந்தது.

இன்று குழாய்களைக் கழற்றினோம். என்னோடு வேலை செய்யும் வுசி ஏணியைப் பிடித்துக்கொண்டான். நான் மேலே போய் வலையை வைத்து, அடித்ததும் இறுகிக்கொள்ளும் நுரையை டப்பாவிலிருந்து அடித்து, மேலே சிமென்ட் பூசினேன். கடைசியாக மூடியது மேற்கு மூலை.

"என்ன ப்ரொஃபசர், வவ்வாலையெல்லாம் வழியனுப்பியாச்சா?" என்று வுசி கீழேயிருந்து கத்தினான். மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து எனக்கு அதுதான் பெயர். "மன்சினி பஸ்ல ஏத்திவிட்டு டாட்டா காட்டிட்டு வரணுமா?"

"நீ ஏணிய ஒழுங்கா பிடி. இல்லன்னா உன்னைத்தான் ஏத்திவிடணும், ஆம்புலன்ஸ்ல."

மேல்மாடியில் மேற்கு மூலை வீட்டில் இருப்பவர் மாகே லாமாம்பா, எங்கள் எல்லோருக்கும் மாகே, அதாவது அம்மா. ஆலை கேன்டீனில் சமைக்கிறார். படுக்கையறை சீலிங்கில் வௌவால் மூத்திரம் கசிந்து கறையாகி, நாற்றம் தாங்காமல் பல வருடமாகச் சமையலறையில்தான் படுக்கிறார். நாங்கள் முடித்ததும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு படுக்கையறைக்கே போய்விட்டார். எனக்கும் வுசிக்கும் பெரிய டம்ளர்களில் புளித்த சோளக் கஞ்சி கொடுத்தார்.

"என் புருஷன்கூட இந்த ரூம்ல இத்தனை வருஷம் இருந்ததில்ல" என்றார். "ஆனா அவன் போறப்போ என் சட்டியையும் தூக்கிட்டுப் போனான். இதுங்க பாவம், வெறுங்கையோட போயிருக்கு."

நேற்றைய தேர்வைச் சுமாராகத்தான் எழுதினேன். நுரையீரல் படத்தில் ஒரு பாகத்தின் பெயரை விட்டுவிட்டேன்.

ஜூலை 16, வியாழன்

இன்று எஸ்டேட் மேலாளர் சி பிளாக்கைப் பார்க்க வந்தார். பாபே சிகோன்ஸே சட்டைப் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். போன வருடம் டி பிளாக்குக்கு மருந்துப்புகை போடுகிற ஆளை வரவழைத்தார்கள். ஒரே நாளில் வேலை முடிந்தது. ஆனால் செத்தவை சுவருக்குள்ளேயே கிடந்து, கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்த வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அப்போதுதான் பாபே, கொல்லாமல் வெளியேற்றும் முறையை ஒரு பிளாக்கில் செய்து காட்டுகிறேன் என்று மேலாளரிடம் கேட்டு வாங்கினார். சி பிளாக் அந்தப் பரிசோதனை. இது சரியாக வந்தால் மீதி பிளாக்குகளும் இப்படியே. இல்லாவிட்டால் மருந்துக்காரர் வருவார்.

மேலாளர் மேலே அண்ணாந்து பார்த்தார், மூச்சை இழுத்துப் பார்த்தார். "நாத்தம் இல்லையே. நல்லது. ஒரு மாசம் இப்படியே இருக்கட்டும், அப்புறம் ஈ பிளாக் ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாபே என் தோளைத் தட்டினார். எங்கள் பராமரிப்புப் பிரிவில் அவர் யாரையும் தட்டி நான் பார்த்ததில்லை.

நடந்த விஷயம் அதற்குப் பிறகுதான்.

பிளாக்கின் பின்பக்கம் மாகே லாமாம்பா கொடியிலிருந்து படுக்கை விரிப்பை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். கரும்புச் சோகை எரிந்த கரிச்சருகுகள் அதிலிருந்து கறுப்பு நூல்போலப் பறந்தன.

"பாரு, மூணாவது தடவையா தோய்க்கிறேன்" என்றார். "சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை, திங்கக்கிழமைன்னு ஒரு சாயங்காலம் விடல. இந்தப் பக்கத்து வயலையே மாத்தி மாத்தி எரிச்சானுங்க. இவனுங்க பொண்டாட்டிங்கதான் தோய்க்கிறாங்கன்னா இப்படிக் கொளுத்துவானுங்களா?"

நான் சிரித்தேன். பிறகு அவர் சொன்ன நாட்களை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

சனி, ஞாயிறு, திங்கள். நான் கீழே நின்று பார்த்த சாயங்காலங்கள் அவைதான். தீ வைப்பதற்கு முன் ஊதும் சைரனும் கேட்டது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதுகூட நினைவிருக்கிறது. கண் எரிந்தது. ஆனாலும் புகை என்று தனியாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெட்டுவதற்கு முன் கரும்பு வயலுக்குத் தீ வைத்துச் சோகையை எரிப்பார்கள், அதனால் அறுவடைக் காலத்தில் எங்களுக்குப் புகை ஒரு செய்தியே இல்லை. துணியை எடுப்போம், ஜன்னலைச் சாத்துவோம், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வோம். இங்கேயே பிறந்து வளராத ஒருவர் என் இடத்தில் நின்றிருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார், இவ்வளவு புகையில் எந்தப் பிராணி வெளியே வரும் என்று.

வெளியே ஒன்றும் வராததற்குக் காரணம் உள்ளே ஒன்றும் இல்லாதது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதன்மேல் சிமென்ட்டும் பூசிவிட்டேன்.

பாபேயிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். அவர் ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்து மற்ற மேஸ்திரிகளிடம் மேலாளர் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "என்னம்மா?" என்றார். "நுரை டப்பா தீர்ந்துபோச்சு பாபே" என்றேன். அது உண்மைதான், தீர்ந்துபோயிருந்தது.

வகுப்பில் ஒன்றும் காதில் விழவில்லை. திரும்பிவரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்களை எழுதுகிறேன். புகை தொடங்குவதற்கு முன்பே எல்லாம் போயிருக்கலாம். அப்படியே இருந்தாலும் கொஞ்சம்தான் இருக்கும். நான் சொன்னால் மேலாளர் மருந்துக்காரரைக் கூப்பிடுவார், மீதி பிளாக்குகளில் இருப்பவை மொத்தமாகச் சாகும். அதனால் நான் பேசாமலிருப்பது வௌவால்களுக்கே நல்லது.

இந்தக் கடைசிக் காரணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவ்வளவு பிடித்திருந்ததால்தான் அதை நம்ப முடியவில்லை.

ஜூலை 17, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சீலிங்குக்கு வெள்ளையடிக்க அளவெடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மாகே லாமாம்பா வீட்டுக்குப் போனேன். அவர் காலை ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். மாடிப்படியிலேயே ரேடியோ சத்தம் கேட்டது. ஜெபப் பாட்டு. செவ்வாய்க்கிழமை இந்த வீட்டில் ரேடியோ இருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில், தலைமாட்டு ஸ்டூலில், மேற்குச் சுவரை ஒட்டி அது இருந்தது. முழுச் சத்தத்தில் வைத்திருந்தார்.

"மாகே, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கலாமா? அளவு எழுதணும்."

"எழுதறதுக்கு காது எதுக்கு? கண்ணால எழுது."

"தலை வலிக்குது மாகே."

"அப்ப மாத்திரை தரேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையணை உறையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் போய் ரேடியோவை அணைத்தேன். கேட்காமல் அப்படிச் செய்தது மரியாதையில்லைதான்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு சுவருக்கும் சீலிங்குக்கும் நடுவே காய்ந்த இலையை யாரோ மெதுவாக நசுக்குவதுபோல ஒரு ஓசை. நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி வந்தது. அதோடு மெல்லிய கீச்சொலி.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பலேர்ந்து மாகே?"

"எது?"

"மாகே."

அவர் தலையணையைக் கீழே வைத்தார். "செவ்வாக்கிழமை ராத்திரியே. முதல்ல எலின்னு நினைச்சேன். நினைச்சேன்னு சொல்றது பொய். நினைக்கணும்னு ஆசைப்பட்டேன். எலிக்கும் இதுங்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? இத்தனை வருஷம் இதுங்ககூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் இன்னிக்கு அளவெடுக்க வந்தே?" என்றார். "வெள்ளையடிக்கிறது உன் வேலை இல்லையே. பெயின்டர் வருவாரே."

நான் அளவு டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சிட்டது. உள்ளேயும் ஏதோ கீச்சிட்டது.

"இங்க பாரு பொண்ணே. முதல்நாள் ராத்திரி இந்தக் கட்டில்ல காலை நீட்டிப் படுத்தேன். ஜன்னல் தெரிஞ்சுது. அடுப்பு வாசனை இல்லை. அப்பத்தான் சத்தம். சொன்னா நீங்க வந்து மறுபடி ஒடைப்பீங்க, நான் மறுபடி அடுப்படிக்குப் போகணும். ரெண்டு நாள் பொறுத்துக்கிட்டா தானா அடங்கிடும்னு நினைச்சேன். ரேடியோ போட்டேன். ஜெபப் பாட்டா போட்டேன், அதையும் கேட்டுக்கோ." கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நேத்தைவிட இன்னிக்கு கம்மியாத்தான் கேக்குது. அது நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"கெட்டது" என்றேன்.

"ம்."

திங்கட்கிழமை இருட்டும்வரை நிற்காததைச் சொன்னேன். புகையைப் பற்றிச் சொன்னேன். மீதி பிளாக்குகளுக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"அதாவது, மத்த பிளாக்ல இருக்கிறதுங்க பொழைக்கட்டும்னு இதுங்களைச் சாகவிட்டே. நான் என் கட்டிலுக்காகச் சாகவிட்டேன். உன் காரணம் என்னோடதைவிடக் கொஞ்சம் அழகா இருக்கு, அவ்ளோதான்."

நான் எழுந்தேன்.

"எங்க போறே?"

"பாபேகிட்ட."

"நானும் வரேன். அந்தாளு உன்னைத் திட்டினா என்னையும் சேர்த்துத் திட்டட்டும். கேன்டீன்ல அவனுக்கு நான்தான் கறி போடறேன், ரொம்பத் திட்டமாட்டான்."

பாபே சிகோன்ஸே திட்டினார். மாகே லாமாம்பாவைப் பார்த்ததும் ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தார். "நான் உன்கிட்ட என்ன கேட்டேன்? வந்துச்சான்னு கேட்டேன். இருட்டறதுக்கு முன்னாடி கிளம்பிட்டேன் பாபேன்னு சொல்ல உனக்கு வாய் வலிக்குதா? அப்படிச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? இன்னும் ரெண்டு நாள் பாருன்னு சொல்லியிருப்பேன். அவ்ளோதானே! தலையையா வாங்கியிருப்பேன்?"

"தேர்வு இருந்துச்சு பாபே."

"என்ன தேர்வு?"

"உயிரியல்."

வுசி மூலையில் நின்றபடி சிரிப்பை அடக்க முயன்று இருமினான். பாபே அவன் பக்கம் திரும்பினார். "நீ என்னடா இருமறே? புகை அங்கேயுமா வந்துச்சு? அந்த மூணு நாளும் நீயும் இங்கதானே இருந்தே, நானும் இங்கதானே இருந்தேன்? உனக்குத் தோணிச்சா? எனக்குத்தான் தோணிச்சா?" கொஞ்சம் நிறுத்தினார். "ஏணியை எடு."

வேறு யார் பேசியபோதும் வராத வெட்கம் அப்போதுதான் வந்தது. குற்றத்தில் ஒரு பங்கை அவர் தானாகவே எடுத்துக்கொண்டார். அதனால் என் மனம் இலேசாகியிருக்க வேண்டும், ஆகவில்லை.

மேற்கு மூலை சிமென்ட்டை உளியால் நானே உடைத்தேன். நுரையையும் வலையையும் கத்தியால் அறுத்து எடுத்தேன். குழாயை மறுபடி பொருத்தினேன். அப்போது உள்ளேயிருந்து வந்த காற்றில் நாற்றம் தொடங்கியிருந்தது. இன்று எங்கள் பக்கம் தீ இல்லை. பாபே வயல் மேற்பார்வையாளருக்கு ஃபோன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டார். இதை யாராவது முன்பே செய்திருக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கும், யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் கீழே நின்றோம். லபோம்போ மலை நீலமாகி, பிறகு கறுப்பானது. வகுப்பு தொடங்கியிருக்கும். போகவில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு குழாயின் வாயில் ஒன்று தலையை நீட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. பறக்காமல் விழுவதுபோல விழுந்தது. நிலத்துக்குச் சற்று மேலே சிறகு விரிந்து, கரும்புப் பக்கம் தாழ்வாகப் போனது. அதன்பின் இன்னொன்று. நடுநடுவே நீண்ட இடைவெளி. முதல் வாரம் வந்ததுபோல இல்லை. ஒன்று கொடியில் கிடந்த மாகே லாமாம்பாவின் விரிப்பின்மேல் விழுந்து தொற்றிக்கொண்டது. அவர் விரிப்போடு சேர்த்து அதை உயரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது கிளம்பும்வரை கையை இறக்காமல் நின்றார்.

"இதையும் மறுபடி தோய்க்கணும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

இருட்டிய பிறகும் நின்றேன். எல்லோரும் போன பிறகும் நின்றேன். இப்போது நிற்பது அன்றைக்கு நிற்காததை ஈடுகட்டாது என்று தெரியும்.

ஜூலை 19, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை என்பதைவிட எழுத விரும்பவில்லை என்பதே சரி.

நேற்றுக் காலை முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு கூரைக்குள் போனேன். வுசி தானும் வருகிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன். செத்தவை எல்லாம் மேற்கு மூலையில், நான் மூடிய இடத்துக்கு உள்பக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. காற்று வந்துகொண்டிருந்த இடம் அதுதான் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. ஓரத்தில் நான் அறுக்காமல் மிஞ்சியிருந்த நுரையில் சிறு கீறல்கள் இருந்தன. காலி சிமென்ட் சாக்கில் போட்டு இறக்கினேன். மூட்டை கனமில்லை. கனமாக இருந்திருந்தால் பரவாயில்லை என்று ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம். மண்ணை வுசிதான் தள்ளி மூடினான்.

நேற்றும் இன்றும் சாயங்காலம் நின்றேன். நேற்று சில வந்தன. இன்று கிழக்கே தூரத்தில் தீ இருந்தது, காற்றும் எங்கள் பக்கம் வீசியது. ஒன்றும் வரவில்லை. இந்த நாளைச் சேர்க்கக் கூடாது என்று பாபேயிடம் சொன்னேன். "சரி" என்றார்.

மீதி பிளாக்குகளைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"மேலாளர்கிட்ட நான் போய்ச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்றார். "மருந்துக்காரன் மேல எனக்கு ஏற்கெனவே கடுப்பு. அதனால நான் பாதியைச் சொல்லி மீதியை மூடிமறைக்கிறேன்னு நினைப்பாரு. நீ சொல்லு. உன் வாயால சொல்லு. புகை நாளை எண்ணக் கூடாதுன்னு ஒரு விதி சேர்க்கணும்னும் சொல்லு. இதை அந்தப் பல்கலைக்கழகத்துப் பொண்ணு நமக்குச் சொல்லல. அவ நம்ம ஊரு அறுவடையைப் பார்த்ததில்ல."

"அப்பவும் மருந்துக்காரரைக் கூப்பிட்டா?"

"கூப்பிடலாம்" என்றார். "கூப்பிட்டாலும் கூப்பிடுவாரு. அதுக்காகச் சொல்லாம இருக்கப் போறியா?"

இல்லை என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

மாகே லாமாம்பா கட்டிலை மறுபடி சமையலறைக்கு இழுத்துவிட்டார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். ரேடியோ அணைந்தே இருந்தது.

நாளை செய்ய வேண்டியது: அலுவலகம் திறந்ததும் மேலாளரிடம் போக வேண்டும். திங்கட்கிழமை இருட்டும்வரை நிற்கவில்லை, மூன்று நாளும் புகை இருந்தது, உள்ளே இருக்கும்போதே மூடினேன், செத்தவை இருந்தன என்று இந்த வரிசையில் சொல்ல வேண்டும். ஈ பிளாக்குக்கு இன்னொரு வாய்ப்பு கேட்க வேண்டும். வயல் மேற்பார்வையாளரிடம் தீ வைக்கும் நாட்களைக் கேட்டு வாங்க வேண்டும். மாசெகோ சாரிடம் இந்த வாரம் வகுப்புக்கு வர முடியாது என்று சொல்ல வேண்டும். சூரியன் இறங்குவதற்கு முன் சி பிளாக்குக்குப் போய், மேற்கு மூலையின் கீழே முழுதாக இருட்டும்வரை நிற்க வேண்டும்.